மத்திமம் தேடிய குழல்

நுழையும்முன்

கோயில் விழாவிலும் மணப்பந்தலிலும் ஒலிக்கும் நாகசுரம் தமிழரின் மங்கல இசைக்கருவி. வீதியில் நின்றொலித்த அக்கருவியை இசைமேடையில் அமர்த்தியவர் திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை. அவரது இசை வாழ்வுக்குப் பின்னால் ஒரு மரக்குழலின் வரலாறும் இருக்கிறது. அக்குழலுக்குள் காற்று எவ்வாறு அதிர்கிறது, அவ்வதிர்வு எவ்வாறு தணிகிறது என்பதையும் சேர்த்து அறிந்தால்தான் அவர் தேடியது என்ன என்பது விளங்கும்.

வீதியின் இசை

வங்கக் கடலோரத்துத் திருவிடந்தையில் திருமண வேண்டுதலோடு நித்திய கல்யாணப் பெருமாளை வலம்வருவோர்க்கும், காவிரிக் கரையில் தேரோட்டம் காணத் திரள்வோர்க்கும் பழகிப்போன ஒலி ஒன்று உண்டு. அதுவே நாகசுர ஒலி. இறைவன் வீதியுலா வருகிறான் என்பதை ஊருக்கு அறிவிப்பதும், தாலி கட்டும் நொடியில் வேறெந்தச் சொல்லும் காதில் விழாதபடி கெட்டிமேளத்தோடு எழுவதும் அக்கருவிதான்.

நாகசுரம் திறந்தவெளிக்கென்றே வளர்ந்த கருவி. கூடத்திலோ அறையிலோ எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பிவந்து வலுச்சேர்க்கும். வீதியில் அவ்வசதி இல்லை. பரவிய ஒலி மீள்வதில்லை; தொலைவு இருமடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே கூட்டத்தின் இரைச்சலையும் தவிலின் முழக்கத்தையும் ஊடுருவிச் செல்லும் கூர்மை அதற்குத் தேவைப்பட்டது. முற்காலத்தில் பெரிதும் வழங்கிய திமிரி நாகசுரம் அத்தேவையை நிறைவு செய்தது. ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமே உடைய அது, நான்கு அல்லது ஐந்து கட்டைச் சுருதியில் ஓங்கி ஒலித்தது.

கருவிக்கு இருந்த மங்கலச் சிறப்பு அதை வாசித்தவர்க்கு வாய்க்கவில்லை. இசைவேளாளர் மரபில் வந்த அக்கலைஞர்கள் மேலாடை அணியாது, துண்டை இடுப்பில் கட்டி, நின்றபடியே வாசித்தனர். ஊர்வலத்தில் மணிக்கணக்கில் நடந்துகொண்டும் வாசித்தனர். வாய்ப்பாட்டுக் கலைஞர்க்கு மேடையும் விரிப்பும் காத்திருக்க, நாகசுரக் கலைஞர்க்குப் பந்தலின் ஓரமே இடமாயிற்று. இராகத்தை விரிவாக ஆலாபனை செய்யும் மரபைக் காலங்காலமாகக் காத்துவந்தவர்கள் இவர்களே என்பதை நினைத்தால், அந்நாளைய வழக்கத்தின் முரண் நன்கு தெரியும்.

திருமருகல் முதல் திருவாவடுதுறை வரை

இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த திருமருகலில், 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் இராஜரத்தினம். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனான நடேசப் பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தில் நாகசுரம் வாசித்துப் புகழ்பெற்றிருந்தவர். அவரே மருமகனைத் தம் மகனாக ஏற்று வளர்த்தார். இராஜரத்தினம் என்னும் பெயர் நிலைத்ததும், அதன் முன்னெழுத்தில் நடேசப் பிள்ளையின் பெயர் இடம்பெற்றதும் இவ்வாறுதான்.

நாகசுரத்தைக் கையில் எடுக்கும் முன்பே அவருக்கு வாய்ப்பாட்டுப் பயிற்சி அமைந்தது. வயலின் வித்தகரான திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் பாடம் கேட்டார். பிறகே அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் பயின்றார். இந்த வரிசை பிற்காலத்தில் பெரும்பயன் தந்தது. குரலில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளியின்றி இழைந்து செல்லலாம். எந்த நுண்சுரத்திலும் நின்று அசையலாம். அந்த உரிமையை முதலில் அனுபவித்துவிட்ட ஒருவர், துளையிட்ட குழலுக்கு வந்தபோது அதன் எல்லைகளை மற்றவரைக் காட்டிலும் கூர்மையாக உணர்ந்திருப்பார். குரல் பாடும் அனைத்தையும் குழலும் பாடவேண்டும் என்பதே அவர் வாசிப்பின் போக்காக அமைந்தது. நாகசுரத்தின் குறையாக அதுவரை எவரும் பெரிதுபடுத்தாத ஒன்று அவருக்குத் தீராத இடையூறாகத் தோன்றியது.

அக்குறையை விளக்குவதற்கு முன் குழலின் உள்ளே செல்லவேண்டும்.

குழலுக்குள் நிகழ்வது

நாகசுரத்துக்கு நான்கு உறுப்புகள். வாயில் வைத்து ஊதப்படுவது சீவாளி. ஆற்றங்கரைகளில் விளையும் கொறுக்கைத் தட்டையிலிருந்து செய்யப்படும் இதற்கு இரண்டு மெல்லிய இதழ்கள் உண்டு. சீவாளியைத் தாங்கும் சிறு உலோகக் குழல் கெண்டை. அதற்குக் கீழே நீண்டிருக்கும் மரக்குழல் உலவு. அடியில் புனல்போல் விரிந்திருப்பது அணைசு. உலவின் உட்துளை மேலிருந்து கீழ்நோக்கிப் படிப்படியாக அகன்று செல்லும். விரல் வைப்பதற்கு ஏழு துளைகள். அடிப்பகுதியில் மேலும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றில் விரல் படுவதில்லை. தேவைக்கேற்பச் சிலவற்றை மெழுகால் அடைத்தும் சிலவற்றைத் திறந்துவிட்டும் சுருதியைச் செம்மை செய்வர்.

பள்ளி ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பக் கருவியைக் கையாண்டவர்க்கு இதன் அடிப்படை புதிதன்று. 512 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்து நீர்மட்டத்தை மெல்ல இறக்கினால், காற்றுத்தம்பம் ஏறத்தாழ 16 செ.மீ. நீளம் அடையும்போது ஒலி திடீரெனப் பெருகும். அந்த நீளத்தில் காற்றுத்தம்பத்தின் இயல்பு அதிர்வெண்ணும் இசைக்கவையின் அதிர்வெண்ணும் ஒன்றுகின்றன. நாகசுரத்தில் இசைக்கவையின் இடத்தில் சீவாளி இருக்கிறது. ஊதப்படும் மூச்சு சீவாளியின் இதழ்களைத் திறந்து மூடச் செய்கிறது. அதனால் காற்று துடிப்புத் துடிப்பாக உள்ளே செல்கிறது. குழலுக்குள் கீழே சென்ற ஒலியலை திறந்த துளையில் பட்டு மேலே திரும்பிவந்து, சீவாளி அடுத்து எப்போது திறக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஊதுபவர் காற்றைத் தருகிறார். சுரத்தை முடிவு செய்வதில் குழலுக்கே பெரும்பங்கு.

கூம்பு வடிவக் குழலின் அடிப்படை அதிர்வெண், இருபுறமும் திறந்த குழலுக்கு உரியதை ஒத்திருக்கும். ஒலியின் திசைவேகத்தை நொடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், 46 செ.மீ. நீளக் காற்றுத்தம்பம் 370 ஹெர்ட்ஸ் அளவிலும், 76 செ.மீ. நீளக் காற்றுத்தம்பம் 224 ஹெர்ட்ஸ் அளவிலும் ஒத்ததிரும். சீவாளியும் கெண்டையும் அணைசும் இக்கணக்கை ஓரளவு மாற்றும் என்றாலும், குழல் நீண்டால் சுருதி தாழும் என்பது மாறாது.

இசைக்கவையை அகற்றினால் காற்றுத்தம்பத்தின் ஒலி உடனே அடங்கிவிடுகிறது. அதுவரை பெருகி நின்ற ஆற்றல் எங்கே போயிற்று? ஒரு பகுதி குழாயின் திறந்த வாய் வழியே வெளியேறி நம் செவியை அடைகிறது. மற்றொரு பகுதி குழாய்ச் சுவரோரம் மறைகிறது. சுவரை ஒட்டிய காற்று சுவரோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கிறது; சற்று உள்ளே இருக்கும் காற்றோ முன்னும் பின்னும் விரைகிறது. இரண்டுக்கும் இடையே காற்றின் பாகுநிலையால் உராய்வு எழுகிறது. அழுத்தம் கூடும்போது சூடாகும் காற்று, அருகிலுள்ள சுவருக்கு வெப்பத்தை இழக்கவும் செய்கிறது. 300 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இந்த உராய்வுப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய படலம் உண்ணும் ஆற்றலோ மிகுதி. மரத்துளைக் கருவிகளின் தாழ்ந்த சுரங்களில், செவியை அடைவதைவிடச் சுவரோரம் வெப்பமாகி மறைவதே அதிகம்.

பாகுநிலையால் குழாயில் ஒலி தணிவதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் ஆராய்ந்தார். வெப்ப இழப்பையும் சேர்த்து 1868இல் முழுமையான கோட்பாடு தந்தவர் கிர்க்காஃப். அக்கோட்பாட்டின்படி குழாய் குறுகக் குறுகத் தணிப்பு மிகும். அதிர்வெண் நான்கு மடங்கானால் தணிப்பு இரு மடங்காகும். ஆகவே ஒரு சுரத்தோடு கூடவே எழும் உயர்ந்த சீரிசைகள் அடிப்படை ஒலியைவிட விரைவாகத் தணிகின்றன. உட்சுவர் சொரசொரப்பாக இருந்தாலும், மரத்தில் நுண்ணிய வெடிப்பு இருந்தாலும், துளையை விரல் சரியாக மூடாவிட்டாலும் இழப்பு மேலும் கூடும்.

இழப்பு என்றதும் அது முற்றிலும் தீது என்று கொள்ளவேண்டியதில்லை. இழப்பே இல்லாத குழல் ஒன்று இருந்தால், அது தன் அதிர்வெண்ணை இறுகப் பற்றிக்கொண்டு வேறெதற்கும் இசையாது. ஊதுபவர் உதட்டால் எவ்வளவு அழுத்தினாலும் சுரம் அசையாது. தணிப்பு இருப்பதால்தான் ஒத்ததிர்வு ஒரு புள்ளியில் குவியாமல் இருபுறமும் சற்றே அகன்று நிற்கிறது. அந்த அகலத்துக்குள் மூச்சின் வேகத்தாலும் உதட்டின் பிடியாலும் சுரத்தை ஏற்றவும் இறக்கவும் இயலும். நம் இசையின் உயிரான கமகம் நாகசுரத்தில் வாழ்வதற்கு இதுவும் இடம் தருகிறது. எனினும் தணிப்பு அளவுமீறினால் ஒலி மெலிந்து, சுரம் பிடிப்பின்றி அலையும். நல்ல நாகசுரம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது.

எட்டாத மத்திமம்

திமிரி நாகசுரத்தின் குறை மத்திமத்தில் இருந்தது. நம் இசையில் மத்திமம் இருவகைப்படும். சட்சத்துக்கு நான்கின் கீழ் மூன்று என்னும் விகிதத்தில் நிற்பது சுத்த மத்திமம். அதற்கு அரைச்சுரம் மேலே நிற்பது பிரதி மத்திமம். பழைய கருவியில் துளைகள் அமைந்திருந்த முறையால் பிரதி மத்திமமே இயல்பாக எழுந்தது. சுத்த மத்திமம் தெளிவாகவும் நிறைவாகவும் ஒலிக்கவில்லை. துளையைப் பகுதியாக மூடியும் ஊதும் முறையை மாற்றியும் அதை வரவழைக்க வேண்டியிருந்தது.

பாதி மூடிய துளையின் சிக்கல் மேலே கண்ட இயற்பியலிலேயே அடங்கியிருக்கிறது. துளையைச் சுருக்கினால் காற்றுத்தம்பம் நீண்டதுபோல் நடந்துகொள்ளும், சுரம் தாழும். அதேவேளையில் அந்தக் குறுகிய வாயிலில் உராய்வு மிகுந்து தணிப்பு உயரும்; வெளிவரும் ஒலி மங்கும். சுரம் கிடைக்கும், அதன் ஒளி கிடைக்காது. போகிற போக்கில் தொட்டுச் செல்லும் சுரமாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நின்று நிலைக்கவேண்டிய சுரமாக இருந்தால் கேட்பவர் செவி ஏமாறும்.

இராஜரத்தினம் பிள்ளையின் உள்ளம் கவர்ந்த இராகம் தோடி. எட்டாவது மேளகர்த்தாவான அதற்கு உரியது சுத்த மத்திமம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. கீழே ரிடபத்தை நோக்கியும் மேலே மத்திமத்தை நோக்கியும் ஊசலாடுவதே அதன் அழகு. ஆகவே மத்திமம் பழுதானால் காந்தாரமும் பழுதாகும். காந்தாரம் பழுதானபின் தோடி எங்கே இருக்கிறது? குரலில் தோடியை முழுமையாக உணர்ந்த ஒருவர், கருவியில் அதை அரைகுறையாக ஏற்க மனங்கொள்ளவில்லை.

நரசிங்கம்பேட்டைப் பட்டறை

திருவாவடுதுறைக்கு அருகிலேயே உள்ள சிற்றூர் நரசிங்கம்பேட்டை. தலைமுறை தலைமுறையாக நாகசுரம் செய்துவரும் ஆசாரிகள் வாழும் ஊர் அது. அங்கிருந்த ரெங்கநாதன் ஆசாரி என்னும் கைவினைஞர்தாம், இராஜரத்தினம் பிள்ளையின் தேவையை உணர்ந்து, சுத்த மத்திமம் இயல்பாக ஒலிக்கும் நீண்ட பாரி நாகசுரத்தைப் பலமுறை முயன்று வடித்துத் தந்தவர்.

குழலை நீட்டிவிட்டால் போதுமென்று வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தோன்றும். அரைச்சுரம் என்பது அதிர்வெண்ணில் ஏறத்தாழ ஆறு விழுக்காட்டு வேறுபாடு. ஒரு துளையைச் சில சென்டிமீட்டர் கீழே நகர்த்தினால் அது கிடைத்துவிடும் எனக் கணக்கும் சொல்லும். நகர்த்திய துளை விரலுக்கு எட்டவேண்டுமே! குழல் நீள நீளத் துளைகளுக்கிடையே உள்ள தொலைவும் விரியும். மனிதக் கையோ விரிவதில்லை. துளையை உரிய இடத்துக்குச் சற்று மேலே வைத்து, அதன் விட்டத்தைச் சிறிதாக்கிச் சுருதியைத் தாழ்த்தலாம். துளை மிகச் சிறிதானால் ஒலி மங்கும் பழைய இடரே திரும்பி வரும். உட்துளையின் அகலம் ஓரிடத்தில் சிறிது மாறினாலும் ஒரு சுரம் திருந்தி இன்னொரு சுரம் கெடும். மேல் தாயியில் அதே சுரம் வேறுவிதமாக நடந்துகொள்ளும். ஒரு குழலில் உள்ள எந்தச் சுரமும் தனித்து நிற்பதில்லை. ஒன்றைத் தொட்டால் பிற அனைத்தும் அசைகின்றன.

சமன்பாடுகள் எவையுமின்றி, செவியையும் கையையும் கொண்டே இச்சிக்கல் தீர்க்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆசாரிகள் பயன்படுத்தும் மரம் ஆச்சா. அதிலும் புதிதாக வெட்டிய மரத்தை அவர்கள் விரும்புவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூணையும் உத்திரத்தையும் தேடி வாங்குகின்றனர். பல்லாண்டுகள் உலர்ந்து ஈரம் முற்றிலும் நீங்கிய மரம் சுருங்காது, பிளவுபடாது. கடைசல் பிடித்து உட்துளை குடைந்தால் சுவர் வழவழப்பாக அமையும். கிர்க்காஃப் தாளில் எழுதிய தணிப்பைக் குறைக்கும் வழியை அவர்கள் மரத்தின் வயதில் கண்டிருந்தனர்.

புதிய பாரி நாகசுரம் ஏறத்தாழ இரண்டரை அடி நீளம் கொண்டது. சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்குத் தாழ்ந்தது. திமிரியின் கூர்மை போய்க் கனிவும் கனமும் வந்தன. மத்திமம் தன் இடத்தில் முழு ஒளியோடு நின்றது. அதற்கு ஈடாக ஊதுபவரின் உழைப்பு கூடியது. நீண்ட குழலை நிரப்பிச் சுரத்தை நிறுத்த மிகுந்த மூச்சு தேவைப்பட்டது. இராஜரத்தினம் பிள்ளையிடம் அந்த மூச்சு இருந்தது.

கருவி செய்தவர் பெயர், அதை வாசித்தவர் பெயரளவுக்குப் பரவவில்லை. இசையுலகில் இது பெரும்பாலும் நிகழ்வதுதான் என்றாலும், ரெங்கநாதன் ஆசாரியை ஒதுக்கிவிட்டு இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பேசுவது முறையாகாது.

தெரிந்து தெளிவோம்

நாகசுரத்தோடு ஒத்து என்னும் துணைக்கருவி வாசிக்கப்படும். விரல் துளைகள் இல்லாத இக்கருவி சுருதியை மட்டும் இடைவிடாது ஒலிக்கும். வாசிப்பவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பார். தணியும் ஒலியை ஒவ்வொரு நொடியும் மூச்சால் ஈடுசெய்வதே ஒத்துக்காரரின் பணி. தம்புராவின் தந்தியோ ஒருமுறை மீட்டப்பட்டபின் தானாகவே மெல்லத் தணியும். அது அடங்கும் முன் அடுத்த தந்தி மீட்டப்படும். இராஜரத்தினம் பிள்ளை தம் கச்சேரிகளில் ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவைச் சுருதிக்கு அமர்த்தினார்.

தோடி இராஜரத்தினம்

பாரி நாகசுரம் கைக்கு வந்தபின் அவர் தோடிக்கு எல்லையே இல்லாமற் போயிற்று. மணிக்கணக்கில் அதை ஆலாபனை செய்தார். ஒரு சுரத்தைப் பிடித்து நீண்ட நேரம் நிறுத்தி, அதைச் சுற்றிச் சிறு சிறு அசைவுகளைப் பின்னி, திடீரென மின்னல்போல் இரண்டு தாயிகளைக் கடந்து பாய்ந்து இறங்குவது அவர் வழி. குரலிசைக்கே உரியவை என்று கருதப்பட்ட இழைவுகள் குழலிலிருந்து வந்தன. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை துணைநின்ற கச்சேரிகள், கேட்டவர் நினைவில் நெடுநாள் வாழ்ந்தன. நாகசுரச் சக்கரவர்த்தி என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒன்றாயிற்று.

இசைத்தட்டில் வெளிவந்த அவரது தோடி தமிழகமெங்கும் பரவியது. அந்நாளைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிட இசையே அடங்கும். இரவு முழுதும் விரியக்கூடிய ஓர் ஆலாபனையை அந்தச் சிறு வட்டத்துக்குள் சுருக்கியும் அதன் நிறைவு கெடாமல் வாசித்தது எளிய செயலன்று. ஒலிபெருக்கியும் வானொலியும் வந்த காலம் அது. வீதியின் கடைக்கோடிக்கும் கேட்கவேண்டும் என்னும் பழைய கட்டாயம் தளர்ந்தது. சுருதி தாழ்ந்த பாரிக்கு அக்காலமும் கைகொடுத்தது.

இதனால் இழந்ததும் உண்டு. திமிரி மெல்ல வழக்கொழிந்தது. உயர்ந்த சுருதியில் வீதியை அதிரவைத்த அதன் வீறு இன்று கேட்பதற்கு அரிது. ஒரு கருவி முழுமை பெறுகையில் மற்றொன்று மறைவதைத் தவிர்க்க இயலாது போலும்.

மேடையும் மதிப்பும்

கருவியில் காட்டிய அதே பிடிவாதத்தை இராஜரத்தினம் பிள்ளை தம் வாழ்விலும் காட்டினார். நின்று வாசிக்கும் வழக்கத்தை மறுத்து, மற்ற இசைவாணரைப்போல் மேடையில் அமர்ந்து வாசித்தார். மேலாடையின்றி வாசிக்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஏற்காது, சட்டையும் நீண்ட மேலங்கியும் அணிந்தார். குடுமியைக் களைந்து தலைமுடியை வெட்டிக்கொண்டார். இவை அந்நாளில் சிறு செய்திகள் அல்ல. கோயிலிலும் செல்வர் இல்லத்திலும் வாசித்துப் பிழைக்கவேண்டிய ஒருவர் இவ்வாறு நடந்தால், அழைப்புகள் நின்றுபோகும் இடர் உண்டு. அவர் வாசிப்பின் உயர்வு அவ்விடரைத் தாண்டச் செய்தது. அவர் ஒருவர் பெற்ற இருக்கையில் பின்வந்த நாகசுரக் கலைஞர் பலரும் அமர்ந்தனர்.

அவரைப் பற்றி வழங்கும் கதைகளில் பெருமிதமும் செலவாளித்தனமும் முன்கோபமும் மிகுதியாகத் தலைகாட்டும். நெடுங்காலம் தலைகுனிந்து நிற்குமாறு பழக்கப்பட்ட ஒரு கலைஞர் கூட்டத்திலிருந்து எழுந்தவரின் நிமிர்வைச் சிலர் செருக்கென்று கண்டதில் வியப்பில்லை.

1940இல் வெளிவந்த காளமேகம் என்னும் திரைப்படத்தில் அவர் புலவர் காளமேகமாகவே நடித்தார். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், விடுதலைக்கு முந்தைய மாலையில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டெல்லிக்குச் சென்ற குழுவில் அவரும் இருந்தார். பண்டித நேருவிடம் செங்கோல் வழங்கப்பட்ட அந்நிகழ்வில் ஒலித்தது அவரது நாகசுரம். திருமருகலில் பிறந்து, பந்தலோரக் கலை என்று கருதப்பட்ட ஒன்றைக் கற்றவரின் இசை, ஒரு நாட்டின் விடுதலை வாயிலில் ஒலித்தது. 1955ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது.

குழல் நின்ற பின்

1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் இராஜரத்தினம் பிள்ளை சென்னையில் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 58.

பாரி நாகசுரமே இன்று எங்கும் வழங்குகிறது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்ப் பட்டறைகளில் உலவு கடையும் பணி தொடர்கிறது. ஆயினும் பழைய ஆச்சா மரம் கிடைப்பது அருகிவருகிறது. கல்லும் கம்பியும் சிமென்டுமாய் எழும் வீடுகளில் உத்திரம் ஏது? எங்கேனும் ஒரு பழைய வீடு பிரிக்கப்படுகிறது என்று செய்தி வந்தால், ஆசாரிகள் அங்கே சென்று, கிடத்தப்பட்டிருக்கும் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வருகின்றனர்.